கதவு பளபளக்குது, பெட்டி உப்பிப் போகுது! 'மாடுலர் கிச்சன்' போடுகிறவர்களே, உஷார்!

சென்னை:-

கதவு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அதில் முகம் பார்த்து தலை வாரிக்கொள்ளலாம். ஆனால் கதவைத் திறந்து உள்ளே விரலை வைத்தால் பலகை பொலபொல என்று உதிர்கிறது.

வேளச்சேரியில் ஒரு வீட்டு சமையல் அறையில்தான் இந்த கூத்து.

அந்த வீட்டுக்காரர் தனியார் கம்பெனி ஊழியர். அவரது மனைவி பள்ளிக்கூட டீச்சர். 2 பேர் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து, சீட்டுப் பணம் எடுத்து, 3 லட்சம் ரூபாய் செலவில் சமையல் அறைக்கு 'மாடுலர் கிச்சன்' போட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்து மூக்கில் விரலை வைத்தார்கள்.

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 'மிக்ஜாம்' புயல் வந்தது. வேளச்சேரி வெள்ளத்தில் மிதந்தது. டீச்சர் வீடு தரை தளம். சமையல் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். குடும்பமே மாடி வீட்டில் தஞ்சம் புகுந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு டீச்சர் கீழே வந்தார். சமையல் அறையைப் பார்த்து "அய்யோ!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி பெட்டி எல்லாம் ஊறி உப்பிப் போயிருந்தது. திருகாணி பிடிமானம் விட்டு கதவுகள் தொங்கின. இழுப்பறையை இழுத்தால் முகப்பு மட்டும் கையோடு வந்தது. ஆனால் கதவின் பளபளப்பு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை!

எதிர் வீட்டில் நடந்தது என்ன?

அதே தெருவில் எதிர் வீடும் தரை தளம்தான். அங்கேயும் அதே அளவு தண்ணீர். அந்த வீட்டிலும் கட்டி முடித்த சமையல் அறைதான். கதவில் பெரிய மினுமினுப்பு கிடையாது. சாதாரண வெள்ளை நிறம்.

அந்த வீட்டு அம்மாள் பெட்டிகளை சோப்பு தண்ணீர் விட்டு கழுவினார். கதவுகளைத் திறந்து போட்டு, மின்விசிறியை வைத்து பல நாள் காயவிட்டார். 2 கீல் துருப்பிடித்து இருந்தது. அதை மாற்றினார். அவ்வளவுதான். மீண்டும் பாத்திரம் அடுக்கிவிட்டார்.

ஒரே தெரு. ஒரே தண்ணீர். ஒரு வீட்டுப் பெட்டி செத்தது. இன்னொரு வீட்டுப் பெட்டி பிழைத்தது. காரணம் என்ன?

கதவுக்குப் பின்னால் இருந்த பலகைதான் காரணம்!

டீச்சர் வீட்டில் பெட்டி செய்தது மரத்தூள் பலகையில். எதிர் வீட்டில் செய்தது தண்ணீரைத் தாங்கும் ப்ளைவுட்டில். டீச்சர் பீரோவில் இருந்து பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தார். அதில் 'கிச்சன் உட் ஒர்க் - 1 செட்' என்று மட்டும் இருந்தது. என்ன பலகை என்று ஒரு வார்த்தை கிடையாது.

"கதவு என்ன கலர்னு முடிவு பண்ண ஒரு மாசம் ஆச்சுங்க. மொத்தம் 40 கலர் பார்த்தோம். உள்ளே என்ன பலகைன்னு ஒரு தடவைகூட கேட்கலை" என்று டீச்சர் சொன்னார். அப்போது அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

பெட்டிதான் உயிர்!

'மாடுலர் கிச்சன்' என்பது பெரிய மாயம் ஒன்றும் அல்ல. அளவெடுத்து தனித்தனி பெட்டிகளாகச் செய்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, வரிசையாக நிறுத்தி, ஒன்றோடு ஒன்றை திருகாணி போட்டு பிணைத்து, கதவு மாட்டுவது. படுக்கை அறையில் சுவரோடு சுவராக பதிக்கும் துணி அலமாரியும் இதே முறைதான்.

இதில் வெளியே தெரிவது கதவு. சுமை தாங்குவது பெட்டி. கதவு கெட்டால் கதவை மட்டும் மாற்றலாம். பெட்டி கெட்டால் மேலே இருக்கும் கிரானைட் கல்லில் இருந்து எல்லாவற்றுக்கும் ஆபத்து.

இந்த முறைக்கு வயது 100. 1926-ம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு கட்டினார்கள். அந்த வீடுகளுக்கு சமையல் அறை வரைந்து கொடுத்தவர் ஒரு பெண். பெயர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியா நாட்டுக்காரர். ரெயிலில் உள்ள சாப்பாட்டு வண்டியின் குட்டி சமையல் அறையைப் பார்த்து, அதே மாதிரி கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும்படி அமைத்தார். ஒரு பெண் சமைக்கும்போது எத்தனை அடி நடக்கிறாள் என்றுகூட கணக்கு பார்த்தார்கள். சுமார் 10 ஆயிரம் வீடுகளில் அந்த சமையல் அறை அமைக்கப்பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதுவரை தனக்கு சமைத்த பழக்கமே இல்லை என்று அந்த அம்மாளே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பலகை விஷயத்தில் அவர் ஏமாறவில்லை. மாவில் புழு வைக்காமல் இருக்க மாவு டப்பாவை ஓக் மரத்தில் செய்யச் சொன்னார். எந்த இடத்துக்கு எந்த மரம் என்று முதலில் பார்த்தார். இந்தப் பாடத்தைத்தான் இங்கே பலர் மறந்துவிட்டார்கள்.

நம் ஊரில் முன்பு சமையல் மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்பு இருக்கும். மேலே பரண் இருக்கும். அஞ்சறைப் பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அழகு குறைவு. ஆனால் தண்ணீர் பட்டால் கடப்பா கல் உப்பாது!

எத்தனை வகை பலகை?

கடையில் காட்டும் பலகையில் பல ரகம் உண்டு. பெயரைக் கேட்டால் தலை சுற்றும். விவரம் வருமாறு:-

மரத்தூள் பலகை: 'பார்ட்டிகிள் போர்டு' என்பார்கள். மரச்சில்லும் தூளும் பசையில் பிசைந்து அழுத்தியது. விலை மலிவு. ஈரம் பட்டால் ஊதிவிடும். ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது.

எம்.டி.எப்.: மரத்தை பஞ்சு மாதிரி நாராக்கி அழுத்தியது. வழவழப்பாக இருக்கும். கதவுக்கு பெயிண்டு அடிக்க நல்லது. சாதாரண ரகம் தண்ணீருக்கு ஆகாது.

எச்.டி.எச்.எம்.ஆர்.: இதுவும் நார்ப் பலகைதான். அடர்த்தி அதிகம். ஈரத்தை ஓரளவு தாங்கும். ஆனால் 'ஈரம் தாங்கும்' என்பது வேறு. 'தண்ணீரில் ஊறினாலும் தாங்கும்' என்பது வேறு. இதைப் பலர் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறார்கள்.

ப்ளைவுட்: மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்றாக குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. இதிலும் ரகம் உண்டு. உள் அறைக்கு ஏற்ற சாதாரண ரகத்தை சிங்க் கீழே போட்டால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். ஈரம் தாங்கும் ரகங்களில் உயர்ந்தது ஐ.எஸ். 710 என்ற எண் போட்ட 'மரைன் ப்ளை'. இதில் இருந்து துண்டு வெட்டி 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாலும் ஒட்டு விடக்கூடாது. அதுதான் அதற்கு வைக்கும் பரீட்சை.

பி.வி.சி. பலகை: பிளாஸ்டிக் வகை. தண்ணீருக்கு பயம் இல்லை. கரையானும் தொடாது. ஆனால் அடுப்புச் சூட்டுக்கு ஆகாது. எல்லா ரகத்திலும் திருகாணி ஒரே மாதிரி பிடிக்காது.

ஆக, எந்தப் பலகையும் முழுக்க மோசம் இல்லை. இடம் மாறினால்தான் மோசம். சிங்க் கீழே போடக்கூடாததைப் போட்டுவிட்டு, அதற்கு நல்ல பலகையின் விலையை வாங்குவதுதான் மோசடி!

'710' என்று சொன்னால் போதுமா?

போதாது. சென்னை பெரியமேடு சைடனாம்ஸ் ரோட்டில் ப்ளைவுட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கேரளாவில் பெரும்பாவூரில் இருந்தும், வடக்கே அரியானா மாநிலம் யமுனாநகரில் இருந்தும் தமிழ்நாட்டுக்கு சரக்கு வருகிறது. நல்ல சரக்கும் வருகிறது. டூப்ளிகேட்டும் வருகிறது.

'மரைன்', 'வாட்டர் புரூப்' என்று பலகை மேல் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரையோடு லைசென்சு எண்ணும் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசாங்க செல்போன் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் அது எந்த கம்பெனி, எந்த சரக்கு என்று தெரிந்துவிடும்.

முழுப் பலகை 8 அடி நீளம், 4 அடி அகலம். அதை வெட்டி, மேலே 'லேமினேட்' ஒட்டிய பிறகு முத்திரை மறைந்துவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வெட்டுவதற்கு முன்பே பலகையைப் பார்க்க வேண்டும். பட்டறையில் செய்வதாக இருந்தால் பட்டறைக்கே போய்ப் பார்க்கலாம். "வரக்கூடாது" என்று சொன்னால் அங்கேயே சந்தேகம் வந்துவிட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. பெட்டி செய்யும் பலகையில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அதன் கனத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் 2 நாள் போட்டு வையுங்கள். எடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். மோசமான பலகை 2 நாளில் தன் சுயரூபத்தைக் காட்டிவிடும்.

கத்திரி போட்ட ஓரம்!

நல்ல பலகை வாங்கியும் பெட்டி கெடுவது உண்டு. அதற்குக் காரணம் ஓரம்.

பலகையின் முகத்தில் லேமினேட் இருக்கிறது. தண்ணீர் இறங்காது. ஆனால் வெட்டிய ஓரம் திறந்த வாய் மாதிரி. அதை பட்டை ஒட்டி மூட வேண்டும். இதை 'எட்ஜ் பேண்டிங்' என்கிறார்கள். தொழிற்சாலையில் எந்திரம் சூடான பசை வைத்து ஒட்டும். பட்டறையில் கையால் ஒட்டுவார்கள். எப்படி ஒட்டினாலும் நான்கு ஓரமும் மூட வேண்டும். முன் ஓரத்தை மட்டும் மூடிவிட்டு பின் ஓரத்தை சும்மா விடுவது சிலருக்கு வழக்கம். 'சுவர் பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?' என்ற நினைப்பு. ஈரம் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

சிங்க் கீழே குழாய்க்கு ஓட்டை போடுவார்கள். அந்த ஓட்டையின் ஓரம் திறந்தே கிடக்கும். தினமும் பாத்திரம் கழுவுகிற இடம். குழாய் மூட்டில் ஒரு சொட்டு கசிந்தால் போதும். பல வீடுகளில் முதலில் அழுகுவது சிங்க் பெட்டிதான். ஓட்டை போட்ட கையோடு அதன் ஓரத்தில் 'சிலிக்கான்' பூசச் சொல்ல வேண்டும். 5 நிமிட வேலை. கேட்டால் செய்வார்கள். கேட்காவிட்டால் மறந்துவிடுவார்கள்.

பெட்டி தரையில் நேராக உட்காரக் கூடாது. சுமார் 4 அங்குல உயர கால்களில் நிற்க வேண்டும். அப்போதுதான் தரை கழுவும் தண்ணீர் பலகையைத் தொடாது. காலை மறைக்கும் பட்டையைக் கழற்றி மாட்டும்படி வைத்தால் உள்ளே பெருக்கலாம். கரப்பான் பூச்சியும் குடித்தனம் நடத்தாது.

காந்தம் பொய் சொல்லும்!

இழுப்பறைக் கூடைகள் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்பார்கள். கையோடு ஒரு காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டி, "பாருங்க சார், ஒட்டவே இல்லை. ஒரிஜினல்" என்பார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். சீக்கிரம் துருப்பிடிக்காது. 202 என்ற ரகத்தில் நிக்கல் குறைவு. அதற்குப் பதில் மாங்கனீசு அதிகம் சேர்ப்பார்கள். விலையும் குறைவு. உப்புக்காற்று வீசும் சென்னையில் இது சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆனால் காந்தம் 304-லும் சரியாக ஒட்டாது. 202-லும் சரியாக ஒட்டாது. காந்தத்தை நம்பி ஏமாறக் கூடாது. பில்லில் '304' என்று எழுதி வாங்குவதுதான் வழி.

சுவரில் தொங்கும் ஆபத்து

இதுவரை சொன்னது பண நஷ்டம். இனி சொல்வது உயிர் விஷயம்.

மேலே தொங்கும் பெட்டியில் எவர்சில்வர் டப்பா, பீங்கான் தட்டு, மிக்சி ஜார் என்று குடும்பமே ஏறி உட்காரும். இவ்வளவு பாரமும் சுவரில் அடித்த சில திருகாணிகளில்தான் நிற்கிறது.

பழைய வீடுகளில் செங்கல் சுவர். திருகாணி நன்றாகப் பிடிக்கும். இப்போது பல அடுக்குமாடி வீடுகளில் எடை குறைந்த சிமெண்டு கற்களால் சுவர் எழுப்புகிறார்கள். உள்ளே கடல் நுரை மாதிரி காற்றறைகள் இருக்கும். சாதாரண பிளாஸ்டிக் ஆப்பு அடித்தால் இதில் பிடிமானம் போதாது. இதற்கென்றே தனி ஆப்பு கடையில் கிடைக்கிறது. வீட்டுச் சுவர் என்ன கல் என்று வேலைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சுவருக்குள் கரண்டு வயரும், தண்ணீர்க் குழாயும் ஓடும். தெரியாமல் 'டிரில்' போட்டால் விபரீதம். வீடு கட்டும்போதே, பூசுவதற்கு முன்பு செல்போனில் நான்கு சுவரையும் போட்டோ எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

அடுப்புக்குக் கீழே அடைத்து வைக்காதே!

எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து கியாஸ் சிலிண்டர். அழகு கெடுகிறது என்று சிலிண்டரை காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள்.

சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படியும். மூடிய பெட்டிக்குள் கசிந்தால் அங்கேயே தேங்கி நிற்கும். யாராவது கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? சொல்லவே வேண்டாம்!

சிலிண்டர் வைக்கும் பெட்டியில் அடியிலும் மேலேயும் காற்று போக திறப்பு இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதை விட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவருக்குள்ளும், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் டியூபை நுழைக்கக் கூடாது. 5 ஆண்டுக்கு ஒரு முறை டியூபை மாற்ற வேண்டும். ரெகுலேட்டரை கை நீட்டி உடனே மூடும்படி இருக்க வேண்டும். இழுப்பறையைக் கழற்றினால்தான் ரெகுலேட்டர் தெரியும் என்றால் அது சமையல் அறை அல்ல, வெடிமருந்துக் கிடங்கு!

கியாஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

மாட்டுகிறவர் கையில்தான் மந்திரம்

பெட்டி தொழிற்சாலையில் தயாராகி வந்தாலும், அதைக் கொண்டுவந்து மாட்டுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

சென்னையில் எந்தச் சுவரும் முழு நேர் கிடையாது. எந்த மூலையும் சரியான மூலைமட்டம் கிடையாது. நல்ல தொழிலாளி வந்தவுடன் பெட்டியைத் தூக்க மாட்டார். ரசமட்டமோ லேசர் விளக்கோ வைத்து சுவரில் கோடு போடுவார். தரை எங்கே உயரம், எங்கே பள்ளம் என்று பார்ப்பார். உயரமான இடத்தில் இருந்து தொடங்கி, பெட்டிக் கால்களைத் திருகி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வருவார். பிறகுதான் பெட்டியோடு பெட்டியைப் பிணைப்பார். கடைசியாகத்தான் கதவு. கீலில் உள்ள திருகாணிகளைத் திருகி மேலே கீழே, இடம் வலம், முன்னே பின்னே என்று இடைவெளியைச் சமன் செய்வார்.

"சார், மட்டம் பார்க்க அரை நாள் ஆகும். வீட்டுக்காரங்க 'என்னப்பா, இன்னும் ஒண்ணுமே மாட்டலையே'ம்பாங்க. சூப்பர்வைசர் 'சாயங்காலத்துக்குள்ள முடி'ம்பாரு. அவசரத்துல மாட்டினா ஆறு மாசத்துல கதவு ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். திட்டு எங்களுக்குத்தான் விழும்" என்கிறார் 30 ஆண்டு அனுபவம் உள்ள ஒரு ஆசாரி. இழைப்புளி தள்ளிப் பழகிய கை. இப்போது பேட்டரி டிரில் பிடிக்கிறது.

இவருடன் வேலை பார்ப்பவர்களில் ராஜஸ்தான், உத்தரபிரதேசம், பீகார்காரர்களும் இருக்கிறார்கள். வேலை நடக்கும் வீட்டிலேயே படுத்து, அங்கேயே ரொட்டி சுட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. லட்சக்கணக்கில் பணம் கைமாறும் வேலையில் அந்தப் பெட்டியைத் தூக்கி மாட்டுகிறவனுக்குக் கிடைப்பது சொற்பம்தான்.

பலகை அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குப் பகை. மரத்தூளும், பலகைப் பசையில் இருந்து வரும் பார்மால்டிஹைடு வாயுவும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தி இருக்கிறது. மூடிய அறையில் முகமூடி இல்லாமல் அறுக்கும் பையன்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒரு முகமூடி வாங்கிக் கொடுத்தால் புண்ணியம். பலகை வாங்கும்போது வாயு குறைவாக வரும் 'ஈ-1' அல்லது 'ஈ-0' ரகம் என்று கேட்டு வாங்கினால் வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் நல்லது.

தச்சு வேலை செய்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் ஆகலாம். விபத்து, ஓய்வூதியம், பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. இதுகூட தெரியாமல் இருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பணம் எப்போது கொடுப்பது?

இந்தத் தொழிலில் பல இடங்களில் ஒரே பாட்டுதான். ஆர்டர் கொடுக்கும்போது கொஞ்சம். வேலை தொடங்கும் முன் பாதி. வண்டியில் சரக்கு ஏற்றும் முன் மீதி முழுவதும். அதாவது, ஒரு திருகாணி சுவரில் ஏறுவதற்கு முன்பே முழுப் பணமும் போய்விடும். பிறகு கதவு இடித்தால் என்ன, இழுப்பறை சிக்கினால் என்ன? போன் அடித்தால் "ஆள் அனுப்புறோம்" என்று பதில் வரும். ஆள் மட்டும் வரமாட்டார்.

சதுர அடிக் கணக்கிலும் சூது உண்டு. முன்பக்கக் கதவின் பரப்பை மட்டும் அளந்து விலை சொல்வது ஒரு முறை. பெட்டியின் பலகை பூராவையும் அளப்பது இன்னொரு முறை. ஒருவர் சொல்லும் விலை பாதி மாதிரி தெரியும். கடைசியில் கீல் தனி, கூடை தனி, கைப்பிடி தனி, மாட்டும் கூலி தனி என்று வரும்போது அவரே அதிகம் வாங்கி இருப்பார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு எழுத்தில் வாங்க வேண்டியது என்ன?

பெட்டிக்கு என்ன பலகை, எத்தனை மில்லிமீட்டர் கனம், என்ன முத்திரை? பின் பலகை என்ன? கீல், இழுப்பறைத் தண்டவாளம் எந்த கம்பெனி, எத்தனை எண்ணிக்கை? கூடை என்ன ஸ்டீல்? மாட்டும் கூலி சேர்த்தியா? எந்தத் தேதிக்குள் முடியும்? எத்தனை ஆண்டு உத்தரவாதம், அது கதவுக்கு மட்டுமா, பெட்டிக்கும் சேர்த்தா?

முக்கியமாக, வேலை முடிந்து ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் தரப்படும் என்று ஒரு தொகையை நிறுத்தி வைக்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளும் ஆளிடம் வேலை கொடுப்பது நல்லது. அது பெரிய கம்பெனியா, தெருமுனை ஆசாரியா என்பது பெரிதல்ல. நல்ல பலகை வாங்கிக் கொடுத்தால் தெருமுனை ஆசாரி செய்த பெட்டியும் பல காலம் உழைக்கும்.

ஏமாந்தால் எங்கே போவது?

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடி இருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பிரச்சினை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

எதற்கும் பில் வேண்டும். "பில் வேண்டாம்னா வரி குறையும் சார்" என்ற பேச்சுக்கு மயங்கினால் அதோடு கதை முடிந்தது. டீச்சரிடம் பில் இருந்தது. அதில் விவரம் இல்லை. வாய்ப்பேச்சில் "ப்ளைவுட்" என்றார்கள் என்பதற்கு அவரிடம் சாட்சி இல்லை. அதனால் வழக்கு போடாமலே விட்டுவிட்டார்.

பக்கெட்டில் ஊறிய துண்டு

டீச்சர் வீட்டில் ஒரு வருடம் பாத்திரங்கள் அட்டைப் பெட்டியில்தான் இருந்தன. மறுபடியும் சீட்டு போட்டார். மறுபடியும் சமையல் அறை வேலை தொடங்கினார். இந்த முறை கம்பெனிக்காரர் வந்ததும் கலர் புத்தகத்தை விரித்தார்.

"அதை மூடுங்க தம்பி. கலரை கடைசியில பேசிக்கலாம். முதல்ல பெட்டிப் பலகையில ஒரு துண்டு வெட்டிக் குடுங்க" என்று கேட்டார் டீச்சர்.

துண்டு வந்தது. குளியல் அறை பக்கெட்டில் 3 நாள் கிடந்தது. கணவர் ஸ்கேல் வைத்து அளந்தார். கொஞ்சமும் உப்பவில்லை. அதன் பிறகுதான் அட்வான்ஸ் பணம் கைமாறியது.

புது சமையல் அறைக்கு இப்போது வெள்ளைக் கதவு. பளபளப்பு குறைவு. சிலிண்டர் பெட்டியில் மேலும் கீழும் காற்றுத் துவாரம். பில்லில் ஒன்றரைப் பக்கத்துக்கு விவரம். அந்தப் பலகைத் துண்டை டீச்சர் தூக்கிப் போடவில்லை. சிங்க் கீழே, குழாய்க்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

தெருவில் யாராவது புதிதாக சமையல் அறை போடுகிறார்கள் என்றால் டீச்சரிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். அவர் கதவைக் காட்டுவது இல்லை. அந்தத் துண்டைத்தான் எடுத்துக் கையில் கொடுக்கிறார்.